அறத்தொடு நின்றவர்கள்

(நவராத்திரி விழாவின் நான்காம் நாள் மாலை, மார்சிலிங் ஆலய மண்டபத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



'இலக்கியத்தில் பெண்மை' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்தார்கள். முப்பத்தேழு ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்தவனுக்கு இது கரும்பு தின்னக் கூலி கொடுத்த கதைதான். இந்தத் தலைப்பில் பேசுவதற்கு என்னிடம் ஒரு குறிப்பேடே இருக்கிறது. சமூக மன்றங்களிலும் கோயில்களிலும் பலமுறை பேசிப் பழகிய பேச்சு அது. கண்ணகியின் பொறுமை, சீதையின் தியாகம், நளாயினியின் பதிபக்தி என்று வரிசையாக வரும். இடையிடையே கைதட்டலும் வரும். போன வாரம் அந்தக் குறிப்பேட்டை எடுத்துப் புரட்டினேன். அதை அப்படியே உங்கள் முன் படிக்க மனம் ஒப்பவில்லை. ஏன் ஒப்பவில்லை என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன். அம்பிகையின் சந்நிதியில் நின்று சொல்வதால் கூட்டாமல் குறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

1987ஆம் ஆண்டு. சாதாரண நிலைத் தேர்வு முடிவுகள் வந்து சில நாள்தான் ஆகியிருந்தது. எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. என்னிடம் தமிழ் படித்த மாணவி ஒருத்தி ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். நல்ல தேர்ச்சி பெற்றிருந்தாள். தாதிமைப் பயிற்சிக்குச் சேர வேண்டும் என்பது அவள் ஆசை. அவளுடைய தந்தையோ, "படித்தது போதும், வீட்டில் இரு, பத்தொன்பது வயதில் கல்யாணம்" என்று சொல்லிவிட்டார். அவர் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். கெட்டவர் அல்லர். தைப்பூசத்தில் சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில்வரை என்னோடு பால்குடம் சுமந்து நடந்தவர். தமிழ் வாத்தியார் என்று என்மேல் தனி மரியாதை வைத்திருந்தவர்.

அந்தப் பெண் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "சார், அப்பா உங்க பேச்சைத் தட்ட மாட்டார். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க சார்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? என் குறிப்பேட்டைத் திறந்துவிட்டேன். "பொறுமையா இரும்மா. கண்ணகி எவ்வளவு பொறுத்தா? பெரியவங்க உன் நன்மைக்குத்தான் செய்வாங்க" என்றேன். அவள் மறுத்துப் பேசவில்லை. "சரி சார்" என்றாள். நான் இரவல் கொடுத்திருந்த தமிழகராதியைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள். போய்விட்டாள். அன்று மாலை நான் நிம்மதியாகத்தான் வீடு திரும்பினேன். ஒரு பெண்ணுக்கு நல்ல புத்தி சொன்னோம் என்ற திருப்தி வேறு.

அன்பர்களே, ஒரு தமிழாசிரியன் செய்யக்கூடாத தவற்றை நான் அன்று செய்தேன். நூலைத் தவறாகச் சொல்லிக் கொடுத்துவிட்டேன்!

கண்ணகி பொறுத்தாள் என்பது உண்மைதான். ஆனால் சிலப்பதிகாரத்தில் கனாத்திறம் உரைத்த காதையை எடுத்துப் பாருங்கள். தேவந்தி என்ற தோழி வருகிறாள். சோமகுண்டம், சூரியகுண்டம் என்னும் பொய்கைகளில் நீராடிக் காமவேள் கோட்டத்தில் தொழுதால் பிரிந்த கணவன் திரும்பி வருவான் என்று வழி சொல்கிறாள். ஊரே நம்பிய வழி அது. கண்ணகி அதை மறுத்துவிடுகிறாள். அது தனக்குப் பெருமை தரும் செயல் ஆகாது என்று இரண்டே சொல்லில் முடித்துக்கொள்கிறாள். அழுது மறுக்கவில்லை, வாதாடியும் மறுக்கவில்லை. 'எனக்கு எது தகும் என்பதை நான் அறிவேன்' என்கிற நிமிர்வு அதில் இருக்கிறது. பின்னால் பாண்டியன் அவையில் சிலம்பை உடைத்தவளும் இதே பெண்தான். அந்த நிமிர்வு மதுரையில் திடீரென்று முளைக்கவில்லை. புகாரில் தன் வீட்டு முற்றத்திலேயே அது இருந்தது. பாண்டியன் அவையை வகுப்பில் ஆண்டுதோறும் நடித்துக் காட்டிய நான், தேவந்திக்குச் சொன்ன பதிலை ஒரு வரியில் கடந்து போனேன். தேர்வில் கேட்கமாட்டார்கள் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. பொறுமைக்காக நான் பிடித்து வைத்திருந்த கண்ணகிக்கு அந்தப் பதில் பொருந்தவில்லை.

இனி இன்னொரு விஷயத்துக்கு வருகிறேன். அதற்குத்தான் இந்தத் தலைப்பையே வைத்தேன்.

நம் பழைய அகப்பாடல்களில் 'அறத்தொடு நிற்றல்' என்று ஒரு துறை உண்டு. தமிழ் படித்தவர்கள் அறிவார்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு பெண் தன் மனத்துக்கு ஏற்ற ஒருவனைத் தேர்ந்துகொண்டாள். வீட்டில் வேறு இடத்தில் பெண் கொடுக்கப் பேச்சு நடக்கிறது. அவளால் வாய்திறந்து சொல்ல முடியவில்லை. அப்போது அவள் உள்ளத்தில் இருப்பதை ஒருவர் எடுத்துப் பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். தலைவி தோழியிடம் சொல்வாள், தோழி செவிலியிடம் சொல்வாள், செவிலி நற்றாயிடம் சொல்வாள், நற்றாய் தந்தைக்கும் தமையன்மார்க்கும் சொல்வாள். இந்த வரிசையை இலக்கண நூலார் வகுத்தே வைத்திருக்கிறார்கள். எப்படியெல்லாம் சொல்லலாம் என்று தொல்காப்பியர் ஏழு வகை காட்டுகிறார்.

பெயரைக் கவனியுங்கள். ஒரு பெண்ணின் விருப்பத்தை அவள் வீட்டாரிடம் எடுத்துச் சொல்வதற்கு நம் முன்னோர் 'தூது போதல்' என்று பெயர் வைக்கவில்லை, 'குறுக்கே பேசுதல்' என்றும் வைக்கவில்லை. அறத்தொடு நிற்றல் என்று வைத்தார்கள். அப்படியானால் சொல்லாமல் இருந்துவிட்டவன் எதனோடு நின்றான்? 1987இல் அந்த வாசலில் நான் எதனோடு நின்றேன்? இந்தத் துறையைப் பல ஆண்டு வகுப்பில் நடத்தியிருக்கிறேன். விளக்கம் கேட்டு ஐந்து மதிப்பெண் போட்டிருக்கிறேன். நேரில் வந்து நின்றபோது எனக்கு அது அடையாளம் தெரியவில்லை.

பத்துப்பாட்டில் கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டு முழுவதுமே இந்தத் துறைதான். 261 அடி. பிரகத்தன் என்ற ஆரிய அரசனுக்குத் தமிழின் அருமையை அறிவுறுத்தப் பாடியது என்பார்கள். தொண்ணூற்றொன்பது மலர்களின் பெயர் வருவதால் பலருக்கும் அது பூக்களின் பட்டியலாகவே நினைவில் தங்கிவிட்டது. ஆனால் அந்தப் பாட்டு எப்படித் தொடங்குகிறது? மகள் உடல் மெலிகிறாள். தாய்க்குக் காரணம் விளங்கவில்லை. குறி சொல்வோரைக் கேட்கிறாள். பல தெய்வங்களுக்கும் மலரும் நறும்புகையும் படைத்து வேண்டுகிறாள். நோய் என்னவென்று மகளிடம் மட்டும் கேட்டு அறிய முடியவில்லை!

சிரிக்கிறீர்கள். மேலாண்மைக் குழுவில் இருக்கும் எங்களுக்குத் தெரியும் சேதி. சாதகக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, "பொண்ணுக்கு ஏதோ தோஷம் போல சார், வர்ற வரனையெல்லாம் வேணாங்கிறா, என்ன அர்ச்சனை செய்யலாம்?" என்று கேட்டு வரும் பெற்றோர் மாதத்துக்கு ஒருவராவது உண்டு. அர்ச்சனை செய்யுங்கள், நல்லதுதான். ஆலய வருமானத்துக்கும் நல்லது. ஆனால் வீட்டுக்குப் போய் மகளோடு உட்கார்ந்து ஒரு வாய் காப்பி குடித்துக் கேட்டுப் பாருங்கள் என்றும் நான் இப்போதெல்லாம் சொல்வதுண்டு. முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான். அவனே வள்ளியை அவளுடைய தினைப்புனத்துக்குத் தேடிப் போனவன்.

குறிஞ்சிப்பாட்டுத் தோழி ஒன்று சொல்கிறாள். ஒருபக்கம் தலைவியின் துன்பம். மறுபக்கம் தாயின் காவல். பகைகொண்ட இரு பெரு வேந்தர்க்கு நடுவில் சந்து செய்யப் போய் நின்ற சான்றோரைப் போல, இருபுறத்து அச்சத்தோடும் தான் வருந்துவதாகச் சொல்கிறாள். அறத்தொடு நிற்பவளுக்கே அச்சம் இருக்கிறது, பாருங்கள். அஞ்சிக்கொண்டேதான் அவள் சொல்கிறாள். எனக்கு 1987இல் இருந்ததும் அச்சம்தான். ஒரு தந்தையின் வீட்டு விவகாரத்தில் தலையிட்டதாகப் பேர் வரும், அடுத்த தைப்பூசத்தில் அவர் முகம் கொடுத்துப் பேசமாட்டார் என்ற அச்சம். அதற்குக் கண்ணகி பேரைச் சொல்லிப் போர்வை போர்த்திவிட்டேன்.

சரி, இதெல்லாம் காதற் பாட்டு, கோயிலில் ஏன் என்று கேட்பீர்கள். பெரியபுராணத்துக்கு வருவோம்.

அறுபத்துமூன்று நாயன்மாரில் பெண்கள் மூவர். மங்கையர்க்கரசியார், இசைஞானியார், காரைக்கால் அம்மையார். அறுபத்துமூவர் திருவுருவங்களை வரிசையாக வைத்திருக்கும் கோயில்களில் மற்றவர்கள் நின்றிருக்க அம்மையார் மட்டும் அமர்ந்திருப்பார். எலும்பும் தோலுமாய், கையில் தாளத்தோடு. அந்தக் கோலத்தைப் பார்த்துக் குழந்தைகள் பயப்படும். அந்தக் கோலம் அவர் கேட்டு வாங்கியது.

மாங்கனிக் கதை உங்களுக்குத் தெரியும். கணவன் பரமதத்தன் அனுப்பிய இரண்டு கனிகளில் ஒன்றை அடியார்க்கு அமுதுடன் படைத்துவிட்டார் புனிதவதியார். கணவன் ஒன்றை உண்டு மற்றதையும் கேட்டான். இறைவனை வேண்டினார், கனி வந்தது. சுவை வேறாக இருக்கவே அவன் கேட்டான். உள்ளதைச் சொன்னார். இன்னொன்று வருவிக்கச் சொன்னான். வந்தது, அவன் கையில் வாங்கியதும் மறைந்தது. அவன் அஞ்சினான். 'இவள் தெய்வம்' என்று முடிவுகட்டிக் கப்பலேறிப் போய்விட்டான். பாண்டிநாட்டுத் துறைமுக நகர் ஒன்றில் வேறொரு வணிகர் மகளை மணந்தான். பிறந்த பெண்ணுக்குப் புனிதவதி என்றே பெயர் வைத்தான்.

(இந்த இடத்தில் ஒரு சிறு செய்தி. சிங்கப்பூரில் மாதர் சாசனம் 1961 மே 24ஆம் நாள் சட்டமன்றத்தில் நிறைவேறி, அந்த ஆண்டு செப்டம்பர் 15 முதல் நடப்புக்கு வந்தது. அதற்கு முன் ஓர் இந்து ஆடவர் இரண்டாம் தாரம் கட்டிக்கொள்ளச் சட்டம் குறுக்கே நிற்கவில்லை. 1952இல் சிங்கப்பூர் மாதர் மன்றத்தைத் தொடங்கிய ஷிரின் ஃபோஸ்டார் போன்ற பெண்மணிகள் ஓயாமல் பேசிப் பேசித்தான் அது மாறியது. பரமதத்தன் நம்மூர்க்காரனாக இருந்து 1961க்குப் பின் இதைச் செய்திருந்தால் நீதிமன்றப் படி ஏறியிருப்பான்.)

நான் நெடுநாள் கவனிக்காமல் விட்ட இடம் அடுத்துத்தான் வருகிறது. கணவன் இருக்கும் ஊர் தெரிந்ததும் உறவினர் என்ன செய்தார்கள்? புனிதவதியாரைச் சிவிகையில் ஏற்றி அந்த ஊருக்குக் கொண்டுபோய் அவனிடம் சேர்ப்பிக்கப் புறப்பட்டார்கள். நல்லெண்ணம்தான். வாழாவெட்டியாக இருக்கிறாளே என்ற கவலைதான். பரமதத்தன் இரண்டாம் மனைவியோடும் குழந்தையோடும் வந்து அவர் காலில் விழுந்தான். உறவினர் திகைத்து, மனைவியை ஏன் வணங்குகிறாய் என்று அவனைக் கேட்டார்கள். அவன் விளக்கம் சொன்னான். தெய்வம், நீங்களும் வணங்குங்கள் என்றான். இத்தனை பேர் பேசுகிறார்கள். அனுப்பலாமா என்று உறவினர் பேசினார்கள், விலகிக்கொள்கிறேன் என்று கணவன் பேசினான். நீ என்ன விரும்புகிறாய் என்று அம்மையாரைக் கேட்டவர் அந்தக் கூட்டத்தில் ஒருவரும் இல்லை.

ஆகவே அவர் கேட்க வேண்டிய இடத்தில் கேட்டார். இவனுக்காகத் தாங்கிய இந்தத் தசைப் பொதியை நீக்கிவிடு, உன் அடியிணை போற்றும் பேய்வடிவம் கொடு என்று இறைவனிடம் வேண்டினார். அழகு, இளமை, ஊரார் ஒரு பெண்ணிடம் எதையெல்லாம் மதிக்கிறார்களோ அத்தனையையும் கழற்றி வைத்தார். கயிலைமலையைக் காலால் மிதிக்கலாகாது என்று தலையால் நடந்து சென்றார். சிவபெருமான் அவரை 'அம்மையே' என்று அழைத்தார் என்கிறார் சேக்கிழார். தாயும் தந்தையும் இல்லாத பெருமானுக்கு ஒரு தாய்! அதன்பின் திருவாலங்காட்டில் இறைவன் ஆடலின்கீழ் இருந்து பாடினார். அற்புதத் திருவந்தாதி 101, திருவிரட்டை மணிமாலை 20, மூத்த திருப்பதிகங்கள் இரண்டும் சேர்ந்து 22. மொத்தம் 143 பாடல்கள். நாயன்மாரின் தேவாரத்துக்கெல்லாம் முன்னோடி இவை என்பது அறிஞர் கருத்து. கணக்குப் பார்க்கும் வழக்கம் என்னை விடவில்லை. ஆண்டாள் நாச்சியாரின் நாச்சியார் திருமொழியும் 143 பாசுரம்தான்.

ஆண்டாள் பேர் வந்ததால் பெரியாழ்வாரைச் சொல்லாமல் போகக்கூடாது. மானிடர் எவரையும் மணக்கமாட்டேன் என்று ஒரு மகள் சொன்னால் தந்தைக்கு எப்படி இருக்கும்? பெருமாளுக்குரிய மாலையை அவள் முன்னதாகச் சூடிப் பார்த்ததைக் கண்டு முதலில் வருந்தியவர் அவர். வேறு மாலை தொடுத்தார். சூடிய மாலையே வேண்டும் என்று பெருமாள் கேட்டபின் மகளின் மனத்தைப் புரிந்துகொண்டார். கடைசியில் அவரே அவளைத் திருவரங்கம்வரை அழைத்துப் போனார். மார்கழி விடியலில் சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலில் ஆண்டாள் சந்நிதி முன் நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தந்தையின் நடைதான் நினைவுக்கு வருகிறது. வில்லிபுத்தூரிலிருந்து திருவரங்கம் கொஞ்ச தூரமா?

மாதவியையும் சொல்ல வேண்டும். கோவலன் இறந்த செய்தி கேட்டு அவள் துறவு பூண்டாள். மணிமேகலைக் காப்பியத் தொடக்கத்தில் பாட்டி சித்திராபதி ஆள் அனுப்புகிறாள். இந்திர விழாவுக்கு ஆட வா, குலத்தொழிலை விடாதே என்று. அப்போது மாதவி சொல்லும் பதில் என்னை உலுக்கும். மணிமேகலையைத் தன் மகள் என்றுகூட அவள் சொல்லவில்லை. கண்ணகியின் மகள் என்கிறாள். அவள் இந்த வழிக்கு வரமாட்டாள் என்று கதவைச் சாத்திவிடுகிறாள். ஊர் முழுவதும் ஒரு பக்கம், இந்தத் தாய் ஒரு பக்கம். அந்தப் பெண் பின்னால் அமுதசுரபி ஏந்தி ஊருக்குச் சோறிட்டாள், சிறைச்சாலையை அறச்சாலை ஆக்கினாள். பௌத்த காப்பியம்தான். ஆனால் அன்னதானம் செய்யும் ஆலயத்தில் மணிமேகலைக்கு இடமில்லை என்று யார் சொல்வார்?

இப்போது என் மாணவியிடம் திரும்புகிறேன்.

2018இல் ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை. பெருமாள் கோயிலில் அன்னதானத்துக்குக் காய் நறுக்கும் தொண்டூழியர்களோடு உட்கார்ந்திருந்தேன். எதிரில் இருந்த அம்மையார் ஒருவர், "சார், என்னைத் தெரியுதா?" என்றார். முடி நரைத்திருந்தது. குரல் தெரிந்தது. அவர் தந்தை காலமாகிவிட்டார். பத்தொன்பது வயதில் திருமணம். நல்ல கணவர், ஒரு மகள், குறை சொல்லும்படி ஒன்றுமில்லை என்றார். பூசணிக்காயை நறுக்கிக்கொண்டே, கோபம் எதுவும் இல்லாமல், விலைவாசி பேசுவது போலச் சொன்னார்: "அன்னிக்கு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அப்பா கேட்டிருப்பார் சார். கேட்டிருக்கவும் மாட்டார். ஆனா யாரோ ஒருத்தர் எனக்காகச் சொன்னாங்கன்னு இருந்திருக்கும்."

நான் பதில் சொல்லவில்லை. என்ன பதில் இருக்கிறது? காய் நறுக்கி முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தோம்.

சென்ற ஆண்டு அவரிடமிருந்து தொலைபேசி வந்தது. மகளுக்கு முப்பத்து மூன்று வயது. நல்ல வேலை. திருமணம் வேண்டாம் என்கிறாள். முப்பத்தைந்து வயதானதும் தனியாளாக வீவக ஈரறை வீடு வாங்கிக்கொண்டு போகப் போகிறேன் என்று சொல்லிவிட்டாள். தந்தையும் மகளும் ஒரே வீட்டில் இரண்டு மாதமாகப் பேசிக்கொள்வதில்லை. "சார், நீங்க வந்து அவர்கிட்ட சொல்லணும்" என்றார் அம்மா.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். திருமணம் வேண்டாம் என்பது எனக்கும் உடன்பாடு இல்லை. நான் பழைய ஆள். தனியாக ஈரறை வீட்டில் ஒரு பெண் பிள்ளை எப்படி முதுமையைக் கழிப்பாள் என்றுதான் எனக்கும் தோன்றியது. அதனால் முதலில் அந்தப் பெண்ணைப் பார்க்க வேண்டும் என்றேன். மார்சிலிங் சந்தைக்கடைத் தொகுதியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினாள். நான் கேட்டேன். நடுவில் இரண்டு முறை கண்ணகி என் நாக்கு நுனிவரை வந்தாள். தேநீர் குடித்து விழுங்கிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு அவர்கள் வீட்டுக்குப் போனேன். தந்தை மரியாதையாக வரவேற்றார். அவள் சொன்னதை அவள் சொன்ன முறையிலேயே சொன்னேன். என் கருத்தைச் சேர்க்கவில்லை. நான் பெரியபுராணமும் ஆண்டாளும் எடுத்தபோது அவர் என்னை நிறுத்தினார். "சார், காரைக்கால் அம்மையார், ஆண்டாளெல்லாம் தெய்வப் பெண்கள். என் மகள் சாதாரண மனுஷி. அந்தக் கதையை இங்க கொண்டு வராதீங்க" என்றார்.

எனக்கு அங்கே பதில் வரவில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி. பேருந்தில் திரும்பும்போதுதான் உறைத்தது. பரமதத்தன் சொன்னதும் அதுதானே! தெய்வம் என்று சொல்லிக் காலில் விழுந்துவிட்டால் அவள் சொல்வதைக் கேட்கும் பொறுப்பிலிருந்து விடுதலை. காரைக்காலில் அடுக்களையில் நின்று, வீட்டுக்காரர் கேட்ட கனிக்கு என்ன செய்வது என்று தவித்தபோது அவர் தெய்வமா? வணிகர் குடும்பத்து மருமகள். நாமும் மூவரையும் பீடத்தில் ஏற்றி மஞ்சள் பூசிப் பட்டுக் கட்டிவிட்டோம். அவர்கள் 'மாட்டேன்' என்று சொன்ன இடத்தை மட்டும் கதாகாலட்சேபத்தில் விரைவாகத் தாண்டிவிடுகிறோம். நானும் தாண்டியவன்தான்.

அடுத்த வாரம் மறுபடி போனேன். இந்தமுறை புராணம் எதுவும் எடுக்கவில்லை. அவர், "நீங்க என்ன நினைக்கிறீங்க சார், அதைச் சொல்லுங்க" என்றார். "நான் நினைக்கிறது உங்க பக்கம்தான். ஆனா நான் வந்தது அவ நினைக்கிறதைச் சொல்ல" என்றேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு மகளைக் கூப்பிட்டு, சாருக்குத் தோசை ஊற்று என்றார். இரண்டு மாதத்துக்குப் பிறகு அவளிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அது.

இந்தக் கதையை மேடையில் சொல்லலாமா என்று மூவரிடமும் கேட்டேன். தாயும் மகளும் சொல்லுங்கள் என்றார்கள். தந்தை, "பேர் சொல்லாம சொல்லுங்க" என்றார். இன்னும் அவருக்கு முழுச் சம்மதம் கிடையாது. வரன் வந்தால் எனக்குத்தான் முதலில் சொல்கிறார். ஆனால் போன மாதம் மகளிடம், ஈரறை வீட்டில் பூசை மாடத்துக்கு எந்தப் பக்கம் இடம் விடுவாய் என்று கேட்டாராம்.

நேரமாகிவிட்டது. கீழே அன்னதானம் தயார் என்று சைகை காட்டுகிறார்கள்.  முதியவர்களுக்கு மின்தூக்கிப் பக்கம் வழிவிட்டு, இளையர்கள் படிக்கட்டில் இறங்குங்கள். வணக்கம்.